போர்முனை அருகே வாழும் மக்களுக்கு உதவி அனுப்புவது எப்படி: சென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்காவது போர் மூண்டு, இடிந்த வீடுகளின் படங்கள் டிவியில் ஓட ஆரம்பித்தால், சென்னையில் இரண்டு மூன்று நாளில் அட்டைப்பெட்டிகள் சேரத் தொடங்கிவிடும். கல்லூரி வாசலில் ஒரு மேசை, அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல், மண்ணடியிலோ மாதவரத்திலோ யாரோ சும்மா விட்டுக்கொடுத்த குடோன். கொடுக்கிற மனசுக்கு இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. சுனாமியிலும் 2015 வெள்ளத்திலும் கண்ணால் பார்த்தோம்.

வெள்ளத்தில் தண்ணீர் வடிந்ததும் சாலை திறக்கும், லாரி போய்ச் சேரும். போர்முனையில் சாலை காலையில் திறந்திருக்கும், மதியம் மூடிவிடும். வண்டியைப் பார்த்தே சுடுவார்கள். எந்தப் பொருளை உள்ளே விடலாம் என்று முடிவு செய்பவர் கையில் துப்பாக்கி இருக்கும். அதனால் வழக்கமான வரிசையை இங்கே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். பொருளைச் சேர்த்துவிட்டு, கப்பல் தேடிவிட்டு, கடைசியில் ‘அங்கே யார் வாங்கிக் கொடுப்பார்கள்?’ என்று கேட்பதுதான் நம் பழக்கம். அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வண்டி நின்று, பொதி கைமாறி, ஒரு வீட்டு வாசல் வரை போகிற கடைசி 20 கிலோமீட்டர் தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. அங்கே இன்னும் இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள்

போர் நெருங்கும்போது போக முடிந்தவர்கள் போய்விடுவார்கள். மிஞ்சுபவர்கள் யார் என்பது இடத்துக்கு இடம் மாறும். உக்ரைனின் கிழக்குக் கிராமங்களில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், ஆடுமாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்கள். 2009-இல் வன்னியில் கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை எல்லோரும் இருந்தார்கள், ஏனென்றால் அவர்களை வெளியேற விடவில்லை. காசாவில் ஊரே திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தது.

இதைப் பொறுத்துத்தான் பொதியில் என்ன வைப்பது என்பது இருக்கிறது. முதியவர்கள் மட்டும் இருக்கும் கிராமத்துக்கு நோட்டுப்புத்தகம் அனுப்பிப் பயனில்லை. அங்கே ரத்த அழுத்த மாத்திரையும், உடைந்த ஜன்னலை மூட பாலித்தீன் ஷீட்டும், குளிர்காலத்துக்கு விறகும்தான் உயிர் காக்கும். எத்தனை பேர், என்ன வயது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்பு எரிக்க எதுவாவது இருக்கிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்ற ஐந்து கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டாலே பாதித் தவறுகள் நடக்காது.

சாப்பாட்டுப் பழக்கத்தையும் கேளுங்கள். நம் புழுங்கல் அரிசியை சூடானின் டார்ஃபூர் குடும்பத்துக்கு அனுப்பினால் அவர்கள் சமைக்கத்தான் செய்வார்கள், ஆனால் அவர்கள் சாப்பாடு சோளமும் கம்பும். காசாவில் கோதுமை மாவு. எரிபொருள் இல்லாத இடத்தில் நீண்ட நேரம் வேகும் பருப்பு, ஊறவைக்க வேண்டிய கடலை எல்லாம் சுமைதான். முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று இன்றும் மே மாதத்தில் காய்ச்சிக் கொடுக்கிறார்களே, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டது, அதை நினைத்துப் பார்த்தால் ஒரு போர்முனைச் சமையலறையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று புரியும்.

2. அந்த ஊர்க்காரர்களோடு சேருங்கள்

இந்த வேலையில் இதைவிட முக்கியமான படி கிடையாது. போர் உச்சத்தில் இருக்கும்போது வெளியாட்கள் பெரும்பாலும் வெளியேறிவிடுவார்கள் அல்லது வெளியேற்றப்படுவார்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. அதன்பிறகு ஆஸ்பத்திரியை நடத்தியதும், வந்த கொஞ்சம் உணவைப் பங்கிட்டதும் அந்த மண்ணின் அரசு மருத்துவர்களும் அலுவலர்களும் தொண்டர்களும்தான். சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்த பிறகு, ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் அந்தந்தத் தெரு இளைஞர்களே கூடி பொதுச் சமையற்கூடங்களை நடத்துகிறார்கள். பெரிய நிறுவனங்களின் லாரி நுழைய முடியாத இடங்களில் அந்த அடுப்புகள்தான் எரிந்தன.

அப்படிப்பட்ட ஒரு குழுவைக் கண்டுபிடியுங்கள். அல்லது ஏற்கெனவே அவர்களோடு வேலை செய்யும் ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடியுங்கள்: செஞ்சிலுவை, செம்பிறை அமைப்புகள், உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்றவை. சென்னையில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை எழும்பூரில் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

நம்பகமான குழுவா என்று பார்க்க, விலாவாரியாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது, எந்த ஊருக்குப் போனீர்கள்? வண்டி யாருடையது? எந்தச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டீர்கள்? பெயர்ப் பட்டியல் யார் வைத்திருக்கிறார்கள்? உண்மையாக வேலை செய்பவர் தடங்கல்களைப் பற்றித் தயங்காமல் பேசுவார். எல்லாம் சுமூகம், எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆயுதம் தாங்கிய எந்தத் தரப்போடும் பணமோ பொருளோ பகிராத குழுவாக இருக்க வேண்டும். இது அறம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. தடை செய்யப்பட்ட அமைப்பின் கைக்கு உங்கள் பணம் போனால், நல்லெண்ணத்தோடு அனுப்பினேன் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. ஐ.நா. பாதுகாப்பு சபையின் தடைப் பட்டியலும் இந்தியாவின் தடைப் பட்டியலும் பொதுவெளியில் இருக்கின்றன, பெயர்களை அதில் சரிபார்த்துவிடுங்கள். மனிதாபிமான உதவிக்கு ஐ.நா. தடைகளிலிருந்து விலக்கு தரும் தீர்மானம் 2664 என்று ஒன்று 2022 டிசம்பரில் நிறைவேறியது. அது சொத்து முடக்கத்துக்கான விலக்கு, நம் உள்நாட்டுச் சட்டத்தை அது மாற்றிவிடாது.

3. பணமா, பொருளா?

முடிந்தவரை பணம். போர்முனைக்குப் பக்கத்திலேயே, 50 அல்லது 100 கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் ஒரு மொத்த வியாபாரச் சந்தை உயிரோடு இருக்கும். அங்கே வாங்கினால் அந்த மக்களுக்குப் பழகிய பொருளே கிடைக்கும், கப்பல் செலவு மிச்சம், சுங்கத் தொல்லை கிடையாது, வாரக்கணக்கு காத்திருப்பும் கிடையாது.

ஆனால் போர்முனையை ஒட்டிய கிராமத்தில் குடும்பங்கள் கையில் பணமாகவே கொடுப்பது எப்போதும் வேலை செய்யாது. கடை மூடியிருக்கும், ஏடிஎம் இருக்காது, டவர் இருக்காது. அதனால் உள்ளூர்க் குழுவுக்குப் பணம், குடும்பத்துக்குப் பொருள் என்ற ஏற்பாடு சரியாக வரும். பின்வாங்கி வந்த மக்கள் தங்கியிருக்கும் நகரங்களில், கடை திறந்திருந்தால், குடும்பத்துக்கே பணம் கொடுத்துவிடலாம். என்ன தேவை என்று அவர்களைவிட நமக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து பொருளாக அனுப்ப வேண்டியவை மூன்று சூழ்நிலையில் மட்டும்: அங்கே சந்தையே செத்துவிட்டது, அரசு வழியாகக் கப்பல் போகிறது, அல்லது அங்குள்ள மருத்துவமனை குறிப்பாகக் கேட்டு நம்மிடம் கிடைக்கிற பொருள். பழைய துணி இந்த மூன்றிலும் வராது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாத துணி மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

4. டன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பது உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அதை உணவாக மாற்றினால் தோராயமாக தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம், கூடவே கொஞ்சம் சத்துமாவும் சர்க்கரையும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 நாளைக்கு எவ்வளவு? தானியம் 60 கிலோ, பருப்பு 9 கிலோ, எண்ணெய் 3.75 கிலோ, உப்பு முக்கால் கிலோ. சத்துமாவையும் சர்க்கரையையும் விட்டுவிட்டாலே 73.5 கிலோ. ஆயிரம் குடும்பம் என்றால் 73.5 டன். சென்னைத் துறைமுகத்தில் இது 20 அடி கன்டெய்னர் நான்கு, சின்ன விஷயம். போர்முனைக்கு ஒரு டன் ஏற்றும் வேன்தான் போக முடியும் என்றால் 74 நடை. ஒவ்வொரு நடையிலும் ஒரு ஓட்டுநர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு திட்டம் தானாக மாறும். 30 நாள் ரேஷன் பத்து நாளாகும், அல்லது ஆயிரம் குடும்பம் முந்நூறு ஆகும், அல்லது அரிசிக்குப் பதில் எடை குறைந்த, உயிருக்கு நேரடியாக உதவும் பொருள்கள் முன்னுக்கு வரும்: தண்ணீர் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரை, ஓஆர்எஸ், சானிட்டரி நாப்கின், சோலார் விளக்கு. தண்ணீருக்கு, மனிதாபிமான உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்த ஸ்பியர் கையேடு சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். அதைப் பாட்டிலில் கொண்டுபோய்க் கட்டுப்படியாகாது. ஊரில் இருக்கும் கிணற்றைச் சுத்தம் செய்ய குளோரினும், பம்ப் ஓட ஒரு ஜெனரேட்டரும் போனால் போதும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஜெனரேட்டருக்கு அனுமதி கிடைக்குமா என்பது தனிக் கேள்வி.

5. இங்குள்ள சட்ட வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒரு ஆடிட்டரிடம் அரை நாள் உட்கார்ந்தால் தெளிவாகிவிடும்.

தனிநபராக வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்பினால், ரிசர்வ் வங்கியின் தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம். டிரஸ்ட் வழியாக என்றால் கதை வேறு. இந்தியாவில் வரிவிலக்கு பெறும் டிரஸ்ட், தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவழிக்க மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். ரசீது போட்டு வசூலித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் பணம் கணக்கிலேயே தூங்கும்.

இன்னொன்று: கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் ‘நாங்களும் போடுகிறோம்’ என்பார்கள். அவர்கள் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களாக இருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். அவர்களை அங்கிருந்தே நேரடியாக அனுப்பச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

6. பொதி கட்டுவது

பொருளாகத்தான் போக வேண்டும் என்று முடிவான பிறகு இந்த வேலை. செங்குன்றத்திலிருந்து அரிசி 25 கிலோ சிப்பமாக வரும். அப்படியே அனுப்பத் தோன்றும். ஆனால் அதைக் கடைசியில் தூக்கப்போவது யார்? லிஃப்ட் வேலை செய்யாத மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா. ஐந்து கிலோ பைகளாக மாற்றுங்கள். ஒரு பெட்டியின் மொத்த எடை 12 முதல் 15 கிலோவுக்குள் நிற்கட்டும். ஒரு குடும்பத்துக்கு மூன்று பெட்டி போனாலும் பரவாயில்லை, மூன்று தடவையாகத் தூக்கிக்கொள்ளலாம், வேனிலிருந்து இறக்கவும் வேகமாக இருக்கும்.

ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் கை நுழைய ஓட்டை, உள்ளே பாலித்தீன் உறை. எடை கூடியது கீழே. எண்ணெய் பாக்கெட்டைத் தனியாக இன்னொரு பைக்குள் கட்டி ஓரத்தில் வையுங்கள், ஒரு பாக்கெட் கிழிந்தால் முழுப் பெட்டியும் வீண். சோப்பும் டெட்டாலும் உணவுப் பெட்டிக்குள் வரவே கூடாது, ஒரு மாதம் கன்டெய்னர் வெயிலில் கிடந்தால் மாவெல்லாம் சோப்பு வாசம் அடிக்கும். கட்டி முடித்த முதல் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் மூன்று முறை போட்டுப் பாருங்கள். பிரிந்தால் டேப்பை மாற்றுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சமைப்பது என்பதை அந்த ஊர் மொழியில் அச்சடித்து மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். 2001-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா வானிலிருந்து போட்ட உணவுப் பொட்டலமும் மஞ்சள், அதே சமயம் போட்ட கொத்துக் குண்டின் சிறு குண்டுகளும் மஞ்சள். குழந்தைகள் எதை எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகுதான் பொட்டலத்தின் நிறத்தை மாற்றினார்கள். ராணுவப் பச்சையிலோ, ராணுவ உடை மாதிரி புள்ளி போட்டோ துணி, தார்ப்பாய் எதுவும் வேண்டாம். பெட்டி மேல் கட்சிப் படம், தலைவர் முகம், சாமி படம், ஸ்பான்சர் விளம்பரம் ஒட்டாதீர்கள். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொருள்கள் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் நமக்கு வயிற்றெரிச்சலாக மட்டும் இருந்தது. போர்முனையில் அதே ஸ்டிக்கர், வாங்கியவரை எதிரியின் ஆளாகக் காட்டிக்கொடுக்கும். செஞ்சிலுவைச் சின்னத்தையும் நீங்களாக வரையக் கூடாது. அது ஜெனீவா உடன்படிக்கைகளின் பாதுகாப்பில் உள்ள சின்னம், இந்தியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம்.

7. மருந்தும் பால்பவுடரும்

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளை வாங்காதீர்கள். டாக்டர்களுக்குக் கம்பெனி கொடுத்த சாம்பிளும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை தெளிவாக இருக்கிறது: அங்கிருந்து கேட்ட மருந்து மட்டும், அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது மட்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் இருப்பது மட்டும். லேபிளில் மூலப்பெயர் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இன்சுலின் போன்ற குளிரில் வைக்க வேண்டியதை, வழி நெடுக ஐஸ் பெட்டி உறுதியானால் தவிர தொடாதீர்கள்.

போர்முனையில் குண்டடி பட்டவர்களைப் பற்றியே எல்லோரும் யோசிப்போம். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மாத்திரை தீர்ந்து சத்தமில்லாமல் சாவார்கள். மருந்துப் பட்டியலில் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

குழந்தைக்குப் பால்பவுடர் அனுப்ப வேண்டும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அந்த மனசு புரிகிறது. ஆனால் சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத இடத்தில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், தாய்ப்பாலையும் நிறுத்திவிடும். தாய்க்குச் சத்துணவு அனுப்புங்கள். தாயை இழந்த குழந்தைகளுக்கான பால், அங்குள்ள மருத்துவப் பணியாளர் கையில் மட்டும் போகட்டும்.

8. கப்பலும் சுங்கமும்

ராஜாஜி சாலை சுங்க அலுவலகத்தைச் சுற்றி, தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் சுங்க முகவர்கள் நிறைய இருக்கிறார்கள். அனுபவமுள்ள முகவர் ஒருவரிடம் போனால் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: “அனுப்புறது பெரிய விஷயமில்ல சார். அங்க யார் எடுக்கப்போறா? அந்த லெட்டர மொதல்ல காட்டுங்க.”

அந்த லெட்டர்தான் எல்லாம். வாங்கப்போகும் அமைப்பின் பெயரில் அந்நாட்டு அரசு வரிவிலக்குக் கடிதம் தர வேண்டும். அது கைக்கு வராமல் கன்டெய்னரை ஏற்றாதீர்கள். பொருள்பட்டியல், எடைப் பட்டியல், மதிப்பு, இலவசப் பொருள் என்ற உறுதிமொழி, தானியத்துக்குத் தாவர நலச் சான்று, மரப் பேலட் என்றால் பூச்சி நீக்க முத்திரை ஆகியவை கூடவே வரும். நம் அரசின் ஏற்றுமதித் தடைகளையும் பாருங்கள்: 2022 மே மாதம் கோதுமைக்கும், 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. அரிசித் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது.

சென்னைக்குத் தெரிந்த இரண்டு கப்பல் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் திரட்டிய சுமார் 1,700 டன் பொருள் இங்கிருந்து கப்பலேறியது. இந்திய அரசும் இலங்கை அரசும் பேசி முடிவு செய்த ஏற்பாடு அது, செஞ்சிலுவை வழியாக வன்னி மக்கள் கைக்குப் போனது. அடுத்த வருடம் ஐரோப்பியத் தமிழர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த 884 டன் உணவும் மருந்தும் ‘வணங்காமண்’ என்று கேப்டன் அலி கப்பலில் வந்தது. இலங்கையின் ஒப்புதல் இல்லை. அது இலங்கைக் கடலை எட்டியது 2009 ஜூனில், போர் முடிந்த பிறகு. கடற்படை திருப்பி அனுப்ப, சென்னைக் கடலில் வந்து நின்றது. பிறகு டெல்லி பேசி, இங்கே இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி கொழும்புக்கு அனுப்பியும், துறைமுகத்தில் வரி, கட்டணத் தகராறில் மாதக்கணக்கில் கிடந்தது. போரிலிருந்து தப்பி வந்த வன்னி மக்கள் லட்சக்கணக்கானோர் மெனிக் ஃபார்ம் முகாமில் முள்வேலிக்குள் இருந்த மாதங்கள் அவை. அனுப்பியவர்களின் அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மறுத்தவர்கள் மேல் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனாலும் சர்வதேசச் சட்டத்தில் போரிடும் தரப்பின் ஒப்புதல் கேட்கப்படுகிறது, காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதைப் பாதுகாப்பு சபை 2018-இல் தீர்மானம் 2417 மூலம் கண்டித்தது. நடைமுறையில் அனுமதியைக் கறந்தெடுக்க அரசுகளின் அழுத்தம் வேண்டும். அதனால் பெட்டி சேர்க்கும் அதே நாளில் எம்.பி.க்கும், மாநில அரசுக்கும், வெளியுறவுத் துறைக்கும் மனு போக வேண்டும். 2022-இல் இலங்கை நெருக்கடியின்போது சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, மத்திய அரசின் அனுமதி வாங்கி, மே 18 அன்று சென்னையிலிருந்து 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் போனது அந்த வழியில்தான்.

9. கடைசி 20 கிலோமீட்டர்

இதை ஓட்டப்போவது உள்ளூர்க் குழு. சென்னையிலிருந்து யாரும் போய் வண்டியில் ஏற வேண்டாம். மொழி தெரியாத, வழி தெரியாத ஒருவரைக் காப்பாற்றுவது அவர்களுக்குக் கூடுதல் வேலை. அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், தண்ணீர் பொறியாளர் போன்ற திறமை இருந்தால் எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்பில் விண்ணப்பித்து, பயிற்சி எடுத்துப் போங்கள். நம் பங்கு, அவர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று தெரிந்து, அதற்கெல்லாம் பணம் ஒதுக்குவது.

போகும் முன் இரண்டு தரப்புக்கும் தகவல் போகும்: வண்டி எண், ஓட்டுநர் பெயர், பாதை, நேரம், இறக்கும் இடத்தின் ஜிபிஎஸ். வழக்கமாக ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் இதைக் கையாளும். ஆனால் தகவல் கொடுத்தது கவசமாகிவிடாது. 2009 ஜனவரியில் வன்னிக்குள் போன ஐ.நா.வின் 11-வது உணவு வாகனத் தொடரின் ஊழியர்கள் சுதந்திரபுரத்தில் தங்கிய இடத்தை ராணுவத்துக்குச் சொல்லியிருந்தார்கள், சுற்றிலும் ஷெல் விழுந்தது. 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற உணவு உதவி அமைப்பின் மூன்று வண்டிகள், இஸ்ரேல் ராணுவத்தோடு பேசி ஒப்புக்கொண்ட பயணத்தில்தான் தாக்கப்பட்டன. ஏழு பேர் இறந்தார்கள். 2025 ஜூனில் சூடானின் அல் ஃபாஷிருக்குப் போன ஐ.நா. லாரிகளும் வழியில் தாக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். 2024-இல் மட்டும் உலகெங்கும் 380-க்கு மேற்பட்ட உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள்.

அதனால் ‘போகலாம், போக வேண்டாம்’ என்ற முடிவு ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து ‘இன்னிக்கே முடிச்சிடுங்க’ என்று ஒரு மெசேஜ்கூடப் போகக் கூடாது. கடைசிச் சோதனைச் சாவடியில் நின்று, அன்றைய நிலவரம் கேட்டு, சரி என்றால் மட்டும் நகர்வார்கள். வண்டிக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி. ராணுவத்தான் யாரும் வண்டியில் ஏறக் கூடாது, லிஃப்ட் கேட்டாலும். தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கக் கூடாது, கண்ணிவெடி இருக்கும். திரும்பி வரும் அளவுக்கு டீசல், இரண்டு ஸ்டெப்னி, இருட்டுவதற்குள் திரும்பிவிடும் நேரக்கணக்கு. உக்ரைன் பக்கம் இப்போது ட்ரோன்தான் பெரிய பயம், அதனால் ட்ரோன் வருவதைக் காட்டும் கருவியும் கேட்பார்கள். குண்டு துளைக்காத அங்கி, ஹெல்மெட், முதலுதவிப் பை ஒவ்வொருவருக்கும். இவை எல்லாம் ‘நிர்வாகச் செலவு’ என்று முகம் சுளிக்கும் நன்கொடையாளரிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

ஓட்டுநருக்கும் சுமை இறக்குபவருக்கும் சம்பளம், காப்பீடு, இறந்தால் குடும்பத்துக்கு என்ன என்பதை எழுத்தில் கொடுங்கள். 2006 ஆகஸ்டில் மூதூரில் பசிக்கு எதிரான செயல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் தங்கள் அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்டார்கள். அனைவரும் இலங்கையர்கள், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தமிழர்கள். இந்த வேலையில் உயிரை வைப்பவர்கள் யார் என்பதை அந்தப் பட்டியல் சொல்கிறது.

10. கையில் கொடுப்பது

கூட்டம் கூட விடாதீர்கள். 2009 ஏப்ரலில் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் ஷெல்லடியில் இறந்ததை ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. 2024 பிப்ரவரி 29 அன்று காசாவில் மாவு லாரியைச் சூழ்ந்த கூட்டத்தில் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். பட்டியலை முன்பே தெருவாரியாகப் பிரித்து, தெருவுக்கு ஒருவர் வந்து தூக்கிப் போகட்டும். அல்லது வீடு வீடாகக் கொண்டுபோகட்டும். நேரத்தை முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம், அரைமணி முன்பு வாய்வழியாகப் போதும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ராணுவ முகாம் பக்கம் இறக்காதீர்கள். வண்டி நிற்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சின்னப் பெட்டியின் அருமை இங்கேதான் தெரியும்.

முதலில் யாருக்கு? தேவை அதிகமுள்ளவருக்கு. எந்த இனம், எந்த மதம், மகன் எந்தப் படையில் இருக்கிறான் என்று கேட்காமல். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பம், மாற்றுத்திறனாளிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் வரிசைக்கு வர முடியாதவர்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. அப்புறம்

கொடுக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டும்தான். பெட்டிகள் வேனில் இருக்கும் படம், முகம் தெரியாமல் கைகள், எண்ணிக்கை, பில்கள் போதும். ஊர்ப் பெயர், பின்னணிக் கட்டிடம், வண்டி எண் தெரியும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் அடுத்த நடைக்கு அது குறி. படத்தில் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பை நீக்கி, இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள். பயனாளிகள் பட்டியல் உள்ளூரிலேயே இருக்கட்டும். சென்னைக்கு எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும், அந்தப் பட்டியல் தவறான கையில் சிக்கினால் ஆட்களைத் தேடிப்பிடிக்க உதவும்.

வாங்கியவர்கள் பேச ஒரு போன் எண் கொடுங்கள், குழுவில் இல்லாத மூன்றாம் ஆள் எடுப்பதாக இருக்கட்டும். பெட்டி வந்ததா, குறைந்ததா, யாராவது பணம் கேட்டார்களா, எதைத் தூக்கிப் போட்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்த நடைக்கான பொருள்பட்டியலை அந்தப் பதில்களை வைத்துத் திருத்துங்கள்.

டிவியில் படம் நின்றதும் நன்கொடையும் நின்றுவிடும், போர் நிற்காது. அதனால் முதல் வாரத்தில் வந்த பணம் முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றாமல், ஒரு பகுதியை ஆறு மாதம் கழித்துச் செலவழிக்க ஒதுக்கி வையுங்கள். மாதம் இருநூறு, ஐந்நூறு ரூபாய் தொடர்ந்து தருபவர்களைச் சேருங்கள். ஒதுக்கி வைத்ததை நன்கொடையாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். உள்ளூர்க் குழுவிடமும் ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று உறுதி கொடுங்கள், அவர்கள் வேன் வாடகையையும் ஓட்டுநர் சம்பளத்தையும் அதை வைத்துத்தான் பேசி முடிப்பார்கள்.